அஞ்சரை மணிப் பாட்டு

மாதனூர்,
ஞாயித்துக்கிழமை காலை.

அன்பு மகள் மோகனாவுக்கு, உன் சித்தப்பன் சுப்பராயன் எழுதறது. இங்கே நான், உன் சித்தி, உன் தங்கச்சி நந்தினி, எல்லாருக்கும் மேல உங்கம்மா, நாலு பேரும் நல்லா இருக்கோம். மத்த நாள்ல இந்த வரியைக் கை தானா எழுதிட்டுப் போகும், இன்னிக்கு யோசிச்சு, பேனாவை அழுத்தி எழுதியிருக்கேன், நந்தினி எடுத்து அனுப்பற போட்டோவுல தெரியுதான்னு பாரு. நீயும் அந்தப் போர்ச்சுகல் தேசத்துல வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கணும். நேத்து நீ அனுப்பின வாய்ஸை நானும் உன் சித்தியும் மூணு தடவை கேட்டோம். திங்கக்கிழமை வேலையை விடறேன்னு லெட்டர் குடுக்கப் போறேன், எங்கம்மா சாகணும்னு பாடிட்டு இருக்கறப்போ நான் இங்க உக்காந்து எவளோ போடப்போற ஷூவுக்கு டிசைன் வரையணுமான்னு கேட்டு அழுதிருக்க. ஆஸ்பத்திரி இருக்கற ஊருல இருந்து திடீர்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்கன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா, நான் இன்னா சின்னக் குழந்தையான்னும் கேட்டிருக்க. நந்தினி போன்ல சொன்னா மறைக்கறாங்கன்ற. நான் சொன்னா, சித்தப்பா உங்க கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது வெச்சுக்கோங்கன்னு கட் பண்ற. உன்மேல தப்பு சொல்ல மாட்டேன், நாப்பது வருஷமா நான் சம்பாதிச்ச பேரு அப்படி. அதனாலதான் கடுதாசி. பாதியில கட் பண்ண முடியாது பாரு.

இப்போ நான் சொல்லப்போற கதையை இந்த உலகத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. என் ஆம்ப்ளிஃபயர் மேல வலது கையை வெச்சு சத்தியம் பண்ணிச் சொல்றேன், இது யாருமே நம்பாத கதை. நீயும் நம்ப வேணாம், கடைசி வரைக்கும் படிச்சா போதும். அது வரைக்கும் அந்த ராஜினாமா லெட்டரை டிராயருக்குள்ள வெச்சுப் பூட்டு, சாவியை எங்கயாவது தொலைச்சிடு.

உனக்கே தெரியும், நான் யாரு. பாலாத்தங்கரை ஒலிபெருக்கிச் சக்ரவர்த்தி. சுப்பராயன் சவுண்ட் சர்வீஸ் பாக்ஸைத் திறந்து வெச்சா ஏலகிரி மேல மேயற ஆடு என் பாட்டுக்குக் கீழ இறங்கி வரும், அமிர்தி ஜூவுல மான் காதைப் பொத்திக்கும். லைட்டு போடற என் கூட்டாளி ஜியாவுதீன் இதைக் கேட்டா, டேய் போன வாரம் பின் சீட்டுல இருந்தவனுக்கே உன் பாட்டு கேக்கலன்னு சொல்வான், அவனுக்குப் பொறாமை. ஆனா ஒண்ணு, கல்யாணம், காது குத்து, திருவிழா, சாவு, எல்லாத்துக்கும் பாட்டு போட்டுப் போட்டு எனக்குச் சில சங்கதி தெரியும், அதை விளையாட்டில்லாம சொல்றேன். பாட்டுல வார்த்தை ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும், ஜனங்க எந்தப் பக்கம் போவாங்கன்னு பிரம்மாவுக்கே தெரியாது. பேரணாம்பட்டுல ஒரு கல்யாணம், மாப்பிள்ளையோட சிநேகிதனுங்க ஒரு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி ஆடறாங்க. ஒரு பொண்ணு ஏமாத்திட்டா, நான் அழிஞ்சேன், இனிமே எனக்குக் கல்யாணமே வேணாம்னு ஒருத்தன் கதறற பாட்டு அது. மணமேடையில கல்யாணப் பொண்ணு கை தட்டிச் சிரிக்குது, மாமனார்க்காரர் தோள்ல துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு இறங்கிட்டார். எதனால? அடி அப்படி, தவில் மாதிரி இறங்குற அடி. கால் முதல்ல கேட்டுடுது, காதுக்கு வார்த்தை வந்து சேர்றதுக்குள்ள கால் பாதி ஆடி முடிச்சிடுது. இதுக்கு நேர் மாறா, குடியாத்தம் பக்கத்துல ஒரு பெரியவர் செத்தப்போ அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போடுங்கன்னாங்க, போட்டேன், அது ஒரு குறும்புக்காரப் பாட்டு, மாமன் பொண்ணைக் கிள்ளற பாட்டு. பாட்டு ஆரம்பிச்சதுதான், அந்தத் தெருவே குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு, அந்தக் கண்ணீர் ஓடிப்போய் பாலாத்துல கலந்து காய்ஞ்சு கிடந்த ஆறு மூணு நாள் ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. அதே மாதிரி, பாடறவங்க ஒரு வரியை முடிச்சு அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பாங்க பாரு, வார்த்தையே இல்லாத இடம், நல்ல பாக்ஸா இருந்தா அந்த மூச்சு கேக்கும், அங்கதான் பெண்டுங்க முந்தானையை எடுப்பாங்க. இதெல்லாம் தெரிஞ்சவன் நான். இவ்வளவு தெரிஞ்சவன்தான் சொந்த அண்ணி பாடின ஒரே ஒரு பாட்டைக் கேட்டு, நாலு மாசம் முட்டாளா உக்காந்திருந்தேன்.

உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் வரிசையா சொன்னாத்தான் விளங்கும். தை மாசக் கடைசியில உங்கம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூணும் போச்சு. நீ வந்து ரெண்டு வாரம் இருந்துட்டுப் போன. அதுக்கப்புறம் பயிற்சி குடுக்கறதுக்கு வசதின்னு காட்பாடியில நந்தினி இருக்கற மாடி வீட்டுலயே அவங்களை வெச்சுக்கிட்டோம், துணைக்கு உன் சித்தி போய் இருந்தா, நான் தினமும் மாதனூருக்கும் காட்பாடிக்கும் பந்து மாதிரி ஓடினேன். பேச்சு வரல. இன்னா வேணும்னு கேட்டா, வாய் திறக்கும், ஒண்ணும் வராது, கண்ணுல தண்ணி நிக்கும். ஒரு நாள் நந்தினி சோறு ஊட்டறப்போ டி.வி.யில ஏதோ பழைய பாட்டு போச்சு, உங்கம்மா கூடச் சேர்ந்து ரெண்டு வரி தெளிவா பாடிட்டாங்க. நந்தினி கரண்டியைக் கீழ போட்டா. டாக்டரம்மாவைக் கேட்டா, பேச்சு மூளையில ஒரு பக்கத்துல குடியிருக்கு, அங்கதான் அடி, பாட்டு இன்னொரு பக்கத்துலயும் இருக்கு, அதனால பேச வராதவங்களுக்கும் சில பேருக்குப் பாட்டு வரும், நிறைய பாட விடுங்கன்னாங்க. அன்னியில இருந்து எங்க வீட்டுல பேச்சு வார்த்தை எல்லாம் பாட்டுதான். குளிக்கணும்னா அருவிப் பாட்டு. காபி ஆறிப் போச்சுன்னா விரகதாபப் பாட்டு. நந்தினி வெச்ச குழம்புக்கு ஒரு நாள் தேசம் பறிகொடுத்த ராஜா பாடற பாட்டு பாடினாங்க, நந்தினிக்கு அன்னிக்கெல்லாம் கோபம். எங்களுக்குப் பழகிப் போச்சு. பாட்டு வந்தா வார்த்தையைப் பாக்கறது, வார்த்தையில அர்த்தம் எடுக்கறது. அந்த வழக்கம்தான் எங்களைக் குழியில தள்ளுச்சு.

ஏன்னா பங்குனியில ஒரு சாயங்காலம் அந்தப் பாட்டு வந்துச்சு. போய் வரேன்னு சொல்ல மாட்டேன், வாசல் விளக்கை அணைச்சிடுன்னு ஆரம்பிக்கும். நீ அதை வெளியூருல கேட்டிருக்க மாட்ட. அந்தப் படம் நாலு நாள் ஓடல, ஆனா பாட்டு முப்பது வருஷமா நம்ம பக்கத்துல ஒவ்வொரு பாடைக்கு முன்னாடியும் ஓடிட்டு இருக்கு. நானே முந்நூறு சாவுக்குப் போட்டிருப்பேன். ஆரம்பத்துல ஒரு வயலின் இழுப்பு வரும் பாரு, அதைக் கேட்டதுமே எனக்குக் கைகால் சாவு வீட்டு வேலைக்குத் தயாராகிடும், மாலை எங்க, ஐஸ் பொட்டிக்கு பிளக் எங்கன்னு தேடும். நாம வீட்டை விட்டுக் கிளம்பினா போறேன்னே சொல்ல மாட்டோம், போய்ட்டு வரேன்னுதான் சொல்லுவோம், அதையும் சொல்ல மாட்டேன்னா இன்னா அர்த்தம்? அதை உங்கம்மா பாடினாங்க. ஒரு நாள் இல்ல, தினமும், சாயங்காலம் அஞ்சு இருபது, அஞ்சு இருபத்தஞ்சுக்குள்ள ஆரம்பிப்பாங்க. செருப்பு போட்டு விடச் சொல்லிக் காலைக் காட்டுவாங்க. அந்தப் பழைய சாப்பாட்டுப் பையை இடது கையால மடியில இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. வாசக் கதவையே பாத்துக்கிட்டு, முழங்கால்ல தட்டிக்கிட்டுப் பாடுவாங்க. உன் சித்தி அதைப் பாத்துட்டு, கடைசிப் பயணத்துக்கு மூட்டை கட்டறாங்களேன்னு வாயில புடவையை அடைச்சுக்கிட்டு அழுதா. நந்தினி மாத்திரை டப்பாவை பீரோவுல பூட்டினா, பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு, மாடிப்படிக் கதவுக்கு ஒரு பூட்டு. கதவைப் பூட்டப் பூட்ட உங்கம்மா சத்தம் ஜாஸ்தியாச்சு. பூட்டுச் சத்தம் கேட்டாலே முதல்ல இருந்து பாடுவாங்க.

நான் சும்மா இருப்பேனா, சக்ரவர்த்தி ஆச்சே. பாட்டைப் பாட்டால வெட்டறேன்னு ஒரு சின்ன பாக்ஸைத் தூக்கிட்டு மாடி ஏறினேன். அஞ்சு பதினஞ்சுக்கே ஆரம்பிச்சேன், வளைகாப்புப் பாட்டு, பொங்கல் பாட்டு, ஆத்துல குதிக்கற பாட்டு, சந்தோஷம்னு பேரு வெச்ச எல்லாப் பாட்டும். அண்ணி வாயைத் திறந்தா நான் வால்யூமை ஏத்துவேன். அவங்க இன்னும் கத்துவாங்க, நான் இன்னும் ஏத்துவேன். காட்பாடி ஜங்ஷன்ல பெங்களூர் வண்டி என் பாட்டைச் சிக்னல்னு நினைச்சு நின்னுடுச்சு. கீழ் வீட்டுக்காரர் மேல வந்து, ஐயா இது குடும்பம் இருக்கற வீடா, ரெக்கார்டு டான்ஸ் மேடையான்னு கேட்டார். நாலாவது நாள் உங்கம்மா இடது கையால தண்ணி டம்ளரை எடுத்து என் பாக்ஸ் மேல வீசினாங்க. குறி தப்பல. பாக்ஸ் ஒரு கரகரப்போட நின்னு போச்சு. நான் அண்ணி முகத்தைப் பாத்தேன். எங்க அண்ணன் செத்த வீட்டுலகூட அந்த முகத்துல அவ்வளவு பேஜார் பாத்ததில்ல. ஒரு ஆளு வாயைப் பொத்திட்டா எப்படி இருக்கும், அப்படி. அன்னிக்கு சாயங்காலம்தான் அவங்க பாடறதை நான் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். பெத்த பொண்ணு தெரிஞ்சுக்கணும், பின்னால ஏன் சொல்லலன்னு கேக்கக்கூடாதுன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை விளக்கமும் எழுதாம அனுப்பினேன். நீ அதைப் பாத்துட்டு எப்படி உக்காந்திருப்பன்னு இப்போ நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கல. அது என் தப்பு, மோகனா. நந்தினியைத் திட்டாத.

அப்புறம் பக்ரீத்துக்கு மறுநாள் குர்ஷித் அக்கா வந்தாங்க. உனக்கு ஞாபகம் இருக்கும், உங்கம்மாவுக்கு ஷூ கம்பெனியில பக்கத்து மெஷின், நம்ம பஸ் ஸ்டாப்புல இருந்து ரெண்டு பேரும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குவாங்க. ஆஸ்பத்திரியில பாத்ததுக்கு அப்புறம் ஆர்டர் நெருக்கடியில வரவே முடியலயாம், லீவு கிடைச்சதும் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போட வந்து, கட்டில்ல ஏறி உக்காந்து, உங்கம்மா பதில் சொல்றாங்களா இல்லயான்னு பாக்காமலே லைன் கதை எல்லாம் கொட்டினாங்க. புதுசா வந்த சூப்பர்வைசர் பொண்ணுக்கு ஊசி மாத்தத் தெரியல, ஆனா எங்களுக்கு வேகம் பத்தலயாம், நீ இருந்தா ஒரு பார்வையில அடக்கியிருப்ப, இப்படி ஓயாம. உங்கம்மா கண்ணு ரெண்டும் மின்னுது. நேரம் போனது யாருக்கும் தெரியல. அஞ்சு இருபது. உங்கம்மா பையை எடுத்து மடியில வெச்சாங்க, முழங்கால்ல தட்டினாங்க, ஆரம்பிச்சாங்க. நந்தினி சமையக்கட்டுக்குள்ள ஓடிட்டா. உன் சித்தி சுவத்துப் பக்கம் திரும்பிட்டா. நான் குர்ஷித் அக்காவுக்குக் கண் ஜாடை காட்டறேன், கண்டுக்காதீங்க, அழுதுடாதீங்கன்னு. அந்த அம்மா அழல. சுவர்க் கடியாரத்தைப் பாத்தாங்க. அட ஆமா செல்லம்மா, டைம் ஆய்டுச்சே, எழு எழு, ஜன்னல் சீட்டு போய்டும்னு சொல்லிட்டு எழுந்து, பர்தாவை உதறிப் போட்டுக்கிட்டு, உங்கம்மா பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

உங்கம்மா சிரிச்சாங்க, மோகனா. ஒரு பக்க உதடுதான் போச்சு, ஆனா அது முழுச் சிரிப்பு. தை மாசத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு, யக்கா, மனுஷி சாகணும்னு பாடுது, நீ இன்னா விளையாடறன்னு கத்திட்டேன். குர்ஷித் அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. சாவுப் பாட்டா? தம்பி உனக்கு இன்னா கிறுக்கா? இது பஸ் பாட்டுப்பான்னாங்க. கம்பெனியில தையல் செக்ஷன்ல மத்தியானத்துக்கு மேல பாட்டு போடுவாங்களாம். அந்தக் காலத்துல டைம் ஆபீஸ்ல இருந்த யாரோ ஒருத்தர் கேசட்டுல கடைசிப் பாட்டா இதைப் பதிவு பண்ணிட்டாராம், கேசட் போய் சி.டி. வந்து, சி.டி. போய் பென் டிரைவ் வந்தும் அந்த வரிசை மாறவே இல்ல. அந்த வயலின் இழுத்தா அஞ்சு இருபதுன்னு அர்த்தம். நூலை வெட்டு, மெஷினைத் துடை, உறை போடு, பையை எடு, அஞ்சரை மணி பஸ்ஸுக்கு ஓடு. அந்தப் பாட்டு வந்தா முந்நூறு பொம்பளைங்களுக்கும் முகம் மலர்ந்துடும், செருப்பைத் தேடற காலு பாட்டுக்குத் தாளம் போடும்னாங்க. ஒரு தடவை புது மேனேஜர் ஒருத்தர் வந்து, சேச்சே இது அபசகுனம்னு அதை எடுத்துட்டு ஒரு குஷியான பாட்டு போட்டாராம். அன்னிக்கு ஒருத்தியும் மெஷினை விட்டு எழுந்திருக்கல, இன்னும் நேரம் ஆகலன்னு தைச்சுக்கிட்டே இருந்தாங்களாம், பஸ்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போனான், மறுநாளே சாவுப் பாட்டு திரும்பி வந்துடுச்சு. இருபத்திரெண்டு வருஷம் கேட்டிருக்கேன், அதுல இன்னா வார்த்தை இருக்குன்னு இன்னிக்கு நீ சொல்லித்தான் கவனிச்சேன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாங்க, அதுதான் என்னை அறைஞ்ச மாதிரி ஆச்சு. ஏம்ப்பா, ரேடியோ செட்டு வெச்சிருக்கற மனுஷன், அவ பாடற வேகத்தைக் கேக்க மாட்டியா? சாகப் போறவ இப்படிப் பஸ்ஸைப் பிடிக்கற மாதிரியா பாடுவா?

நிஜம்தான். உனக்கு அனுப்பின வீடியோவை நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீயும் இப்போ கேளு, ஆனா வார்த்தையை விட்டுட்டுக் கேளு. அசல் பாட்டு இழுத்து இழுத்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல ஒரு ஆளு உக்காந்து எழுந்திருக்கலாம். உங்கம்மா பாடறது அதுல பாதி நேரம்கூட இல்ல. முழங்கால்ல தட்டறது துக்கத்துத் தட்டு இல்ல, கிளம்பு கிளம்புங்கற தட்டு. குரல் மேல போய் நிக்குது, கீழ விழல. வார்த்தை ஒண்ணு சொல்லுச்சு, சத்தம் வேற சொல்லுச்சு, சத்தத்தை வெச்சே சோறு திங்கறவன் நான், வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். ஜியாவுதீன் கேட்டுட்டு, உஸ்தாத், நீ இனிமே லைட்டைப் பாத்துக்கோ, பாட்டை நான் பாத்துக்கறேன்னான். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அந்தப் பாட்டுன்னா பாடை, ஏன்னா நான் கேட்டது முந்நூறு பாடைக்கு முன்னாடி. அவங்களுக்கு அந்தப் பாட்டுன்னா வீடு, ஏன்னா அவங்க கேட்டது இருபத்திரெண்டு வருஷம் வீட்டுக்குக் கிளம்பற நேரத்துல. நீ ஷூ வரையறவ, உனக்குப் புரியும். வார்த்தைதான் மேல தெரியற அப்பர், பளபளன்னு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ராகமும் தாளமும் கீழ இருக்கற சோல், அதுதான் எடையைத் தாங்கும். கடையில இருக்கறப்போ ஒரே நம்பர் ஷூ எல்லாம் ஒண்ணுதான். ஆறு மாசம் போட்டு நடந்தா போட்டவங்க காலு மாதிரி ஆகிடும், அப்புறம் இன்னொருத்தர் போட்டா கடிக்கும். அண்ணி போட்டு நடந்த பாட்டை நான் என் கால்ல மாட்டிப் பாத்துட்டு, ஐயோ கடிக்குதேன்னு ஊரைக் கூட்டியிருக்கேன்.

ஆக, நாலு மாசமா அந்த மனுஷி தினமும் எங்களைப் பாத்துச் சொன்னது ஒண்ணே ஒண்ணு, வேலை முடிஞ்சது, வீட்டுக்குப் போலாம். நாங்க அதுக்குப் பதிலா கதவைப் பூட்டினோம். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன், தாராளமா போகலாம், பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்க, வீட்டுல இருந்தா இன்னும் சீக்கிரம் தேறுவாங்கன்னாங்க. இதைத்தான் நந்தினி உனக்கு போன்ல சொன்னா, நீ டாக்டருங்க கைவிட்டுட்டாங்கன்னு எடுத்துக்கிட்ட. யாரும் கைவிடல. மறுநாள் சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு உங்கம்மா ஆரம்பிச்சாங்க, நாங்க மூணு பேரும் ஒரே நேரத்துல, சரி கிளம்பலாம்னு எழுந்தோம். பாட்டு பாதியில நின்னுச்சு. எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாங்க, நம்பல. ஜியாவுதீன் டாடா ஏஸைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தினான், முன் சீட்டுல மெத்தை போட்டு உங்கம்மா, பின்னால ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நடுவுல நானும் உன் சித்தியும் நந்தினியும், கோயில் உற்சவர் மாதிரி. பள்ளிகொண்டா டோல்கேட்ல எங்களைப் பாத்து மந்திரி வர்றார்னு கேட்டைத் தூக்கிட்டான். மாதனூர் பஸ் ஸ்டாப் வந்ததும் உங்கம்மா இடது கையால டேஷ்போர்டைத் தட்டினாங்க, நிறுத்துன்னு. வீடு இன்னும் ரெண்டு தெரு தள்ளி இருக்குன்னா கேக்கல. அங்க பாத்தா, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரமா குர்ஷித் அக்கா வீட்டுக்குப் போகாம நிக்கறாங்க, நீ இல்லாம இந்த ஸ்டாப்புல இருந்து தனியா நடந்து நடந்து எனக்குச் சலிச்சுப் போச்சுடின்னாங்க. உங்கம்மா இறங்கினாங்க. ஒரு கை வாக்கர்ல, ஒரு தோள் குர்ஷித் அக்கா மேல. தினமும் அஞ்சு நிமிஷத்துல நடக்கற தூரம், அன்னிக்கு அரை மணி நேரம் ஆச்சு. அவங்களுக்குப் பின்னால சென்னைக்கும் பெங்களூருக்கும் போற வண்டியெல்லாம் ஆம்பூர் வரைக்கும் வரிசையா நின்னுச்சு, ஒரு லாரிக்காரன்கூட ஹாரன் அடிக்கல, இறங்கி நின்னு நூறு பேர் கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து, பையைக் கதவுக்குப் பின்னால இருக்கற ஆணியில இடது கையாலயே மாட்டினாங்க. மூணாவது தடவைதான் மாட்டுச்சு, நான் உதவிக்குப் போனேன், குர்ஷித் அக்கா என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க.

இப்போ உன் சங்கதிக்கு வர்றேன். நீ இங்க ஓடி வந்தா உங்கம்மாவுக்குச் சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்ல நான் யாரு. ஆனா பயத்துல வேலையை விட்டுட்டு வராத. தோல் தைச்சுத் தேய்ஞ்ச கையில உன்னை டிசைன் படிக்க வெச்சவங்க அவங்க, அவங்க தைச்சதை நீ வரையற, அதுல அவங்களுக்கு இருக்கற பெருமை உனக்கு அளவு தெரியாது. டிசம்பர்ல டிக்கெட் போட்டிருக்க, டிசம்பர்ல வா, ஒரு மாசம் இரு. அது வரைக்கும் போன்ல கூப்பிட்டா, எப்படி இருக்கம்மான்னு கேக்காத, பதில் தேடித் தேடி அவங்களுக்கு வேர்த்துப் போகுது. நீ ஏதாவது ஒரு பாட்டை முணுமுணு, காத்திரு, அவங்க ஒண்ணு பாடுவாங்க. அப்போ வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு என்னை மாதிரி ஓடாத. எங்க கேட்ட பாட்டு, எப்போ கேட்ட பாட்டு, எந்த வேகத்துல பாடறாங்க, இதைப் பாரு. புரியலன்னா குர்ஷித் அக்காவைக் கேளு, நம்பரை நந்தினி அனுப்புவா. நீ சின்ன வயசுல பஸ் ஸ்டாப்புல உங்கம்மாவுக்காகக் காத்திருந்தப்போ அவங்க இறங்கறப்போ இன்னா முணுமுணுத்துட்டு இறங்குவாங்கன்னு யோசிச்சுப் பாரு, உனக்கே ஒண்ணு ரெண்டு தெரிஞ்சிருக்கும்.

மத்தபடி நந்தினிக்கு ஆபீஸ்ல வேலை நிரந்தரம் ஆகிடுச்சு. சித்திக்கு முட்டி வலி, ஆனா என்னைத் திட்டற குரல் ஸ்டீரியோவுல இருக்கு. என் பாக்ஸை ரிப்பேர் பண்ணியாச்சு, டம்ளர் நசுங்கினது நசுங்கினதுதான், சித்தி அதுலதான் இப்போ எனக்குக் காபி குடுக்கறா. நீ வர்றப்போ எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம், அந்த ஊருல சாயங்காலம் கம்பெனி விட்டா இன்னா பாட்டு போடறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா. அடிக்கடி வெளிச் சாப்பாடு வேணாம், தலைவலி வந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காராம டாக்டரைப் பாரு. உங்கம்மா ஆசீர்வாதம், உன் சித்தி ஆசீர்வாதம், என் ஆசீர்வாதம் நாலு பாக்ஸ்லயும் ஃபுல் வால்யூம்ல வரும், தலை மேல கையை வெச்சுக்கோ. திங்கக்கிழமை காலையில அந்த லெட்டரைக் குடுக்காத, இதை மட்டும் மறக்காத.

கடைசியா ஒண்ணு. சத்தியம் பண்ணி ஆரம்பிச்சதால சொல்லியாகணும். ஆடு இறங்கி வந்தது பொய், பாலாறு ஓடினது பொய், பெங்களூர் வண்டி நின்னது பொய், லாரிக்காரனுங்க ஹாரன் அடிச்சு எங்க காதைக் கிழிச்சாங்க, ஒருத்தனும் கை தட்டல. நீ எதையும் நம்ப வேணாம். ஒரு சின்ன சங்கதி மட்டும் நிஜம், அதை நந்தினியைக் கேளு, சித்தியைக் கேளு, யாரை வேணா கேளு. வீட்டுக்கு வந்து நேத்தோட பதினோரு நாள். பதினோரு தடவை அஞ்சரை மணி வந்துட்டுப் போச்சு. உங்கம்மா அந்தப் பாட்டை ஒரு தடவைகூடப் பாடல.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்,
சுப்பராயன்.